விருதுபட்டி நகரமான வரலாறு

விருதுநகர் நகரசபை 1915-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. ஆயினும் அவ்வூரின் பொதுக் காரியங்கள் அன்றுதான் தொடங்கின என்றெண்ணுவது பிழையாகும். அதற்கு முன்னரே நம் வணிகர் சரக்கின்மேல் தாமே விதித்துக்கொண்ட மகமையும், இல்லந்தோறும் மாதர் எடுத்துவைத்த பிடியரிசியும் க்ஷத்திரிய வித்தியாசாலையை வளர்த்தன. மகமையை வசூலித்துச் செலவிட்டவர் உறவின்முறையார். சர்க்கார் தூண்டுதலின்றி நடந்த இவ்வேற்பாடு வியக்கத்தக்கதே! எனினும் உறவின்முறை நம் குலத்தாரைச் சார்ந்தது. நகரசபையோ ஊரார் யாவர்க்கும் பொது. இவ்வேறுபாட்டை நம்மவர் மறத்தலாகாது.

1923-இல் விருதுபட்டி என்னும் பெயர் விருதுநகர் என மாறிற்று. 1941-இல் சிறையிலிருந்த ஸ்ரீமான் காமராஜ நாடாரைச் சபையார் தலைவராகத் தெரிந்தெடுத்தனர். விடுதலையாகி வந்த அவர், முழுமையாக உழைக்க இயலாத பதவியை வகித்தல் முறையன்று எனக் கருதி உடனே விலகிக்கொண்டார்.