சென்னை–மும்பை ஆகாய மார்க்கம்: தூரமும் பிரயாண நேரமும்

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திற்கும் மும்பை சாந்தாகுரூஸ் விமான நிலையத்திற்கும் இடைப்பட்ட ஆகாய தூரம் ஏறத்தாழ 1,030 கிலோமீட்டர்; பிரயாண நேரம் சுமார் 2 மணி. அணுசக்தித் துறையின் தலைமைச் செயலகமும் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையமும் மும்பையில் அமைந்திருப்பதால், கல்பாக்கத்தில் பணிபுரிவோரின் குடியிருப்பாகிய அணுபுரத்தாருக்கு இது நன்கு பழகிய மார்க்கமாகும்.

தூரம்: பூமி கோள வடிவினதாகையால், அதன் மேற்பரப்பில் இரண்டு ஸ்தலங்களை இணைக்கும் மிகக் குறுகிய பாதை ஒரு பெருவட்டத்தின் வில்லேயாம். இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளையும், பூமியின் சராசரி ஆரமான 6,371 கிலோமீட்டரையும் கொண்டு இவ்வில்லின் நீளம் நிர்ணயிக்கப்படுகிறது. விமானிகள் கையாளும் கடல் மைல் 1.852 கிலோமீட்டர்; அக்கணக்கில் இம்மார்க்கம் ஏறத்தாழ 560 கடல் மைல். ஆயினும் எந்த விமானமும் இவ்வில்லை அப்படியே பின்பற்றுவதில்லை. மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதை கிழக்கு வடகிழக்காகவும் மேற்கு தென்மேற்காகவும் கிடப்பது. விமானம் காற்றை எதிர்த்தே எழ வேண்டுமாதலால், கடற்காற்று வீசும் வேளையில் அது முதலில் கிழக்கே கிளம்பி, பின்னரே வளைந்து வடமேற்கே திரும்புகிறது.

நேரம்: அட்டவணையில் காணும் நேரம், விமானம் நிற்குமிடத்தை விட்டு அசைந்த கணம் முதல் மறுமுனையில் வந்து நிற்கும் கணம் வரையிலானது. மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்திற்குப் பாதை நெடுக மணிக்கு 50 கிலோமீட்டர் அளவுக்குக் காற்றின் துணை கிடைப்பின் 1,030 கிலோமீட்டரைக் கடக்க 70 நிமிஷமும், அதே காற்று எதிர்ப்பின் 79 நிமிஷமும் ஆகும். தென்மேற்குப் பருவ மாதங்களில் தென்னிந்திய வானின் உயரத்தே கிழக்கிலிருந்து வீசும் அதிவேகக் காற்றோட்டத்தை விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம்; அம்மாதங்களில் மும்பை செல்வோருக்கு அக்காற்று அனுகூலம், திரும்புவோருக்குப் பிரதிகூலம். மும்பையின் இரு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால் இரண்டையும் ஏககாலத்தில் தடையின்றிப் பயன்படுத்த இயலாது. ஆதலின் நெருக்கடி வேளைகளில் விமானங்கள் முறைக்காக வானிலேயே வட்டமிட நேர்கிறது.

வரலாறு: 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொணர்ந்த தபாலை, நெவில் வின்சென்ட் ஒற்றை எஞ்சின் கொண்ட 'புஸ் மாத்' விமானத்தில் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தார். இம்மார்க்கத்தின் வாணிப விமானப் போக்குவரத்துக்கு அதுவே ஆரம்பம்.

அணுபுரத்திலிருந்து: திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாக ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து மீனம்பாக்கம் அடைய ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தூரத்தில் இது ஆகாயப் பாதையின் பதினேழில் ஒரு பங்கே ஆயினும், சாலை நெரிசலையும் நிலையத்துச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் காலத்தில் அதனை விஞ்சிவிடும். எனவே பயணச்சீட்டில் கண்ட இரண்டு மணியை மட்டும் நம்பாமல், வீட்டுவாசல் முதல் வீட்டுவாசல் வரையிலான நேரத்தைக் கணக்கிட்டுப் புறப்படுவதே பிரயாணிக்கு நலம்.