டோல்கீனின் கற்பனை உலகில் வழியோரச் சந்நிதிகள்: தோற்றமும் பயனும்

கற்பனை உலகொன்றைச் சிருஷ்டிக்க முற்படும் ஆசிரியர் பலரும் முதலில் தெய்வங்களை வகுத்துக்கொண்டு, பின்னரே அவற்றுக்குரிய சந்நிதிகளைச் சாலையோரங்களில் நிறுத்துவர். ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்னும் பெருங்கதையிலோ, கதைமாந்தர் கடந்து செல்லும் நாடுகளில் பூசாரியும் நித்திய பூஜையும் காணக் கிடைப்பதில்லை. கத்தோலிக்க சமயத்தில் ஆழ்ந்த பக்தியுடைய அவ்வாசிரியரே, வழிபாட்டுக் குறிப்புகளைத் தாம் அறிந்தே விலக்கியதாக 1953இல் ராபர்ட் மரே என்னும் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் தெரிவிக்கிறார். ஆயினும் இதனைக் கொண்டு அவ்வுலகில் வழியோரச் சந்நிதிகளே இல்லையென முடிவு கட்டுவது பொருந்தாது என்பதும், சந்நிதியானது தெய்வ நம்பிக்கைக்கு முன்னரே காவல் வேண்டிய அச்சத்தினின்று பிறக்கும் என்பதற்கு அவ்வுலகமே தக்க சான்று என்பதும் என் துணிபு.

ரோஹன் நாட்டில் டன்ஹாரோ என்னும் மலையரணுக்கு ஏறும் பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும், சம்மணமிட்டுப் பருத்த வயிற்றின்மேல் குறுகிய கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் மனித உருவக் கற்கள் உள்ளன. மழையும் காற்றும் தேய்த்ததால் சிலவற்றுக்குக் கண்குழிகள் அன்றி வேறு முகமே எஞ்சவில்லை. குதிரைவீரர் அவற்றைப் ‘பூக்கல் மனிதர்’ என்று அழைப்பதோடு சரி. ஏறிட்டுப் பார்ப்பதுகூட இல்லை. அயலானாகிய மெரி என்பவன் மட்டுமே அவற்றை வியப்போடும் இரக்கத்தோடும் நோக்குகிறான். வைத்தவர் யார், எதற்காக வைத்தனர் என்பதை அறியாத ஜனங்கள் நடுவே அக்கற்கள் அச்சமூட்டும் ஆற்றலையும் இழந்துவிட்டன.

அவற்றின் மூலப் பயனை, ஆசிரியர் மறைந்தபின் 1980இல் வெளிவந்த ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ விளக்குகிறது. ட்ரூவெடைன் என்னும் பழங்குடியினர், ஓர்க்குகள் என்னும் கொடிய பகையினத்தார் அஞ்சி விலகும்படி, எல்லைகளிலும் வழிகளிலும் தம் உருவத்திலேயே காவற்கற்களைச் செதுக்கி வைத்தனர். அவர்களுள் ஆகான் என்னும் மருத்துவன், உறவினரைக் காணச் செல்லவேண்டி நேர்ந்தபோது, தன் நண்பனுடைய வீட்டுக்குக் காவலாக ஒரு கல்லை நிறுத்திச் செல்கிறான். ஓர்க்குகள் வந்து தீ வைத்த இரவில் அக்கல்லே எழுந்து தீயை மிதித்து அணைக்கிறது. ஆகான் திரும்பி வரும்போதோ அவனுடைய கால்களே வெந்திருக்கின்றன! நம் ஆகம மரபில் பிராணப் பிரதிஷ்டையின் வாயிலாகத் தெய்வ சாந்நித்தியம் விக்கிரகத்தில் ஆவாஹனம் செய்யப்படுகிறது. இங்கோ செதுக்கியவனுடைய சக்தியே கல்லினுள் புகுகிறது, அதற்கு விலையாகக் கல்லின் காயத்தையும் அவன் ஏற்கிறான். ஆகவே இச்சந்நிதியின் உயிர், காப்பவனுக்கும் காக்கப்படுவோனுக்கும் இடையிலுள்ள உறவிலேயே நிலைபெற்றிருக்கிறது என்பது பெறப்படும். டன்ஹாரோக் கற்கள் ஊமையானதற்கும், அவ்வுறவு அற்றுப்போனதே காரணம் எனலாம்.

இத்திலியென் என்னும் நிலப்பகுதியின் நாற்சந்தியில் நிற்கும் அரசர் சிலைக்குத் தோற்றுவாய் வேறு. அது கோண்டோர் என்னும் அரசின் ஆட்சியைப் பறைசாற்ற எழுந்தது. பகைவர் அதன் தலையை வெட்டி வீழ்த்தி, சிவந்த ஒற்றைக்கண் தீட்டிய உருண்டைக் கல்லை அவ்விடத்தில் அமர்த்தினர். அது வெறுங்கல்லாயின், சிலையை அடியோடு தகர்த்தெறியாமல் தலையை மட்டும் மாற்றவேண்டிய அவசியம் என்ன? சந்தியின் அதிகாரம் அவ்வுடலில் தங்கியிருப்பதாக வென்றவரும் கருதினர் என்றே நான் கொள்கிறேன். வரலாற்றிலும் இதற்கு இணையுண்டு: கி.மு. 415இல், சிசிலிப் படையெடுப்புக்குச் சற்று முன்னர் ஆதென்ஸ் நகர்த் தெருக்களிலும் வாயில்களிலும் நின்ற, ஹெர்மஸ் என்னும் தெய்வத்தின் தூண்கள் ஓரிரவில் சிதைக்கப்பட்டதும், அந்நகரம் குடியாட்சிக்கு எதிரான சதி மூண்டதெனக் கலங்கியது; 1911இல் ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்க, லத்தீன் இலக்கியங்களையே முதலில் பயின்ற டோல்கீனுக்கு இச்செய்தி புதிதாயிருந்திராது. வீழ்ந்து கிடந்த கல்தலையைச் சுற்றிப் படர்ந்த கொடி, வெண்மலர்களால் முடிசூட்டியிருப்பதைக் கதைநாயகன் ஃபிரோடோ காண்கிறான். பின்னர், பகைவர் நாட்டின் கருவாயிலை நோக்கிச் செல்லும் கோண்டோர் தரப்பு மேற்றிசைப் படை, போருக்கு முன்னரே அங்கே தங்கி, பகைவரின் கல்லை அகற்றி, கிறுக்கல்களைக் கழுவி, மெய்த்தலையை மீண்டும் பொருத்துகிறது. தோல்வி ஏறக்குறைய நிச்சயமாயிருந்த அவ்வேளையில் மேற்கொள்ளப்பட்ட இக்காரியத்தைப் புனர்பிரதிஷ்டை என்றல்லாது வேறெவ்வாறு கொள்வது?

டோல்கீனின் உலகில் சமயம் இல்லை என்னும் வழக்கமான தீர்ப்பு, கோயிலைத் தேடியவர்கள் வழங்கிய தீர்ப்பு. வழியைப் பார்த்தவர்கள் வழங்கியதன்று. அதனை அறிஞர்கள் மறுபரிசீலனை செய்தல் வேண்டும்.