மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் உற்றார் துணை (கடலூர், சிதம்பரம்)

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பல மாதங்கள் நீள்வது. அறுவை, கீமோ, கதிர்வீச்சு, சிலருக்கு ஐந்தாண்டோ அதற்கு மேலோ ஹார்மோன் மாத்திரை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இதில் நோயாளியுடன் இருக்கும் கணவர், தாய், அக்கா, மகள் ஆகியோரை மருத்துவமனையில் ‘அட்டெண்டர்’ என்பர். இவர்களின் பணியும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

வரலாறு

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஓர் அக்காளின் துயரத்திலிருந்து பிறந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அன்று கொண்ட உறுதி நிறைவேற முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1952இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் 1954 ஜூன் 18 அன்று அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அதை வளர்த்தெடுத்தார். 1955இல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021இல் மறையும்வரை அங்கேயே பணிபுரிந்தார். கட்டி முற்றிய நிலையில் வந்த பெண்களுக்கு முதலில் கீமோவும் கதிர்வீச்சும் தந்து, கட்டியைச் சுருக்கி, பிறகு அறுவை செய்யும் முறையை இந்தியாவில் முன்னெடுத்தது இம்மருத்துவமனையே.

கடலூர் மக்கள் நெடுங்காலமாக வடக்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரியை நாடி வந்துள்ளனர். அங்கே பிரெஞ்சுக்காரர் 1823இல் ஊன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனையில் 2002இல் மண்டலப் புற்றுநோய் மையம் அமைந்தது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021இல் அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று.

துணைவர் பணி

கீமோ பெரும்பாலும் 21 நாளுக்கு ஒருமுறை ஏற்றப்படும். ஏற்றிய ஓரிரு வாரத்தில் வெள்ளணுக்கள் குறையும். அப்போது காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நள்ளிரவில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர் வீட்டில் இருப்பவர்தான். அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தக் கை வீங்கக்கூடும். கைப்பயிற்சியை நாள்தோறும் நினைவூட்டுவதும், தொடக்கத்தில் தண்ணீர்க் குடத்தை வாங்கிச் சுமப்பதும் துணைவர் வேலை. மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்னும் கதிர்வீச்சுக்கு வாரம் ஐந்து நாள் வீதம் மூன்று முதல் ஐந்து வாரம் போய்வர வேண்டும். அதுவரை வீட்டில் சமைக்கவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் ஆள் தேவை.

நோயின் பெயரை நோயாளியிடமே மறைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அன்பினால் செய்தாலும் அது துணையாகாது. முடிவெடுக்கும் உரிமை அவருடையது. இந்நோய் தொற்றாது. தனித்தட்டும் தனிப்பாயும் கொடுமையே.

அமெரிக்கச் செவிலியரிடையே நடந்து 2006இல் வெளியான ஆய்வில், உற்றார் நட்பின்றித் தனித்திருந்த பெண்கள் மார்பகப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

இன்றைய நிலை

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சைகள் அடங்கும். மருத்துவமனைச் சான்றிதழ் காட்டினால் ரயிலில் நோயாளிக்கு மட்டுமின்றி உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு; சிதம்பரத்திலிருந்தோ கடலூரிலிருந்தோ சென்னைக்குச் செல்வோர் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.