நார்வே நாட்டு வனப்பூனை

திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டையை அடுத்துச் செல்லும் சாலைக் கடைத்தெருவை அறியாத தமிழர் அந்நகரில் இலர். பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர்த் திவான் இராஜா கேசவதாசர் அமைத்த அவ்வங்காடியில் தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக வாணிகம் செய்து வருகின்றனர். அரிசி மூட்டை அடுக்கிய இடத்திற்கு எலி வரும். எலியைத் தேடிப் பூனை வரும். மனிதனுக்கும் பூனைக்கும் உறவு ஏற்பட்டதும் இவ்வாறே. நம் கடைத்தெருப் பூனைக்குப் பனி மூடிய நார்வே நாட்டில் ஓர் உறவினம் உண்டு. நீண்ட மயிர் போர்த்த அவ்வனப்பூனையின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பூனை வெப்பநிலத்து உயிர். வீட்டுப்பூனைகள் அனைத்தும் மேற்காசியா, வட ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளின் காட்டுப்பூனை வழிவந்தவை என்பதை அண்மைக்கால மரபணு ஆய்வுகள் தெளிவுறுத்துகின்றன. சைப்பிரஸ் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறையொன்றில், மனிதனுக்கு அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்தமை 2004-இல் வெளியாயிற்று. தானியத்தைத் தொடர்ந்து ஊர்களிலும், சரக்கைத் தொடர்ந்து கப்பல்களிலும் பூனை பரவியது. பால்டிக் கடற்கரையில் வைக்கிங் மக்கள் வாணிகம் செய்த ரால்ஸ்வீக் துறைமுகத்தில் கிடைத்த பூனை எலும்பில், எகிப்தியப் பூனைகளுக்குரிய மரபுக்குறி இருந்ததாக 2017-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கூறுகிறது.

அவ்வாறு வடக்கே சென்ற பூனை கடுங்குளிரைத் தாங்கியது எங்ஙனம்? மயிர் ஓரளவு வளர்ந்ததும் அதனை நிறுத்தும் மரபணு ஒன்று பூனையின் உடலில் உண்டு. அது பழுதுபட்டால் மயிர் நீண்டு வளரும். இத்தகைய மாற்றங்கள் நான்கினை 2007-இல் அறிஞர் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று, அவர்கள் ஆராய்ந்த இனங்களுள் நார்வே வனப்பூனையிடம் மட்டுமே காணப்பட்டது. பிற நாடுகளில் அத்தகைய மாற்றம் வெறும் அழகாக நின்றிருக்கும்; நார்வேயிலோ அதுவே உயிர்காக்கும் போர்வையாயிற்று. மேல்மயிர் நீண்டு வழுவழுப்பாக இருப்பதால் மழையும் பனியும் வழிந்தோடும். அடிமயிர் கம்பளிபோல் அடர்ந்து உடற்சூட்டைக் காக்கும். விரலிடைகளிலும் மயிர்க் குஞ்சங்கள் உண்டு. வசந்தம் வந்ததும் அடிமயிரில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்துப் புலவர் ஸ்நோரி தொகுத்த எட்டா நூலில், ஃபிரேயா என்னும் தேவியின் தேரைப் பூனைகள் இழுப்பதாகக் கூறப்பட்டுள்ளது. ஆயினும், களஞ்சியத்தில் எலி பிடித்த இப்பூனையை நெடுங்காலம் எவரும் தனியினமாகக் கருதினார் அல்லர். எங்கும் காணப்பட்டமையால் அது எவர் கண்ணையும் கவரவில்லை. 1938-இல் ஆஸ்லோவில் இதற்கெனச் சங்கம் தோன்றியது. அதற்குள் உலகப்போர் மூண்டு அம்முயற்சி தடைப்பட்டது. குறுமயிர்ப் பூனைகளோடு கலந்து இவ்வினம் அருகிவந்ததைக் கண்ட அன்பர் சிலர், 1970-களில் நாட்டுப்புறங்களில் எஞ்சியவற்றைத் தேடி வளர்த்தனர். 1977-இல் பன்னாட்டுப் பூனைக் கூட்டமைப்பு இதனைத் தனியினமாக ஏற்றது.

நீண்ட மயிர்ப் பூனைகளை நம் நாட்டு நகரங்களிலும் இன்று விலை கொடுத்து வாங்குகின்றனர். குளிருக்கென அமைந்த போர்வை திருவனந்தபுரத்தின் புழுக்கத்தில் பெருஞ்சுமை என்பதை வாங்குவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வெப்பத்திற்கு ஏற்ற பூனை சாலைக் கடைத்தெருவின் மூட்டைகளின்மேலேயே உறங்குகிறது.

நார்வே மக்கள் தம் பூனையை மதிக்கத் தொடங்கியபோது, அதன் பழைய வரலாற்றைக் கூறப் போதிய ஏடுகள் இல்லை. பழகிய பொருளைப் பதிந்து வைக்க எவர்க்கும் தோன்றுவதில்லை. பிற மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களின் வரலாறும் பெரும்பாலும் இந்நிலையிலேயே இருக்கிறது. பாட்டனார் எவ்வூரினின்று எவ்வாண்டில் வந்தார், முதலில் எக்கடையில் கணக்கு எழுதினார் என்பவற்றைச் சொல்லவல்ல முதியோர் இன்னும் சில இல்லங்களில் உளர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தல் நம் கடமையாகும்.