அம்மாயியின் முட்டைக் காசு

போன வாரம் பேத்தியோடு கடைக்குப் போயிருந்தேன். நாட்டுக்கோழி முட்டை ஒன்று இருபது ரூபாய் என்றான் கடைக்காரன். "வெள்ளை முட்டையைவிட ஏன் தாத்தா இவ்வளவு அதிகம்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது ராசிபுரம் பக்கத்தில், அம்மாயியின் தோட்டத்தில். அப்போது அது சேலம் மாவட்டம். காடு, கிணறு, எருது எல்லாம் அப்புச்சியின் கணக்கு. கோழி மட்டும் அம்மாயியின் கணக்கு. முட்டையும் விடைக்கோழியும் விற்ற காசு அவருடைய சுருக்குப்பையில்தான் விழும். அதில் அப்புச்சி கை வைத்து நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் பெண்களுக்குக் கணக்குக் கேட்காத காசு என்று இருந்தது அது ஒன்றுதான்.

பத்துப் பன்னிரண்டு பெட்டை, ஒரு சேவல். விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் குப்பைமேடு, மாட்டுக்கொட்டகை, களத்துமேடு என்று மேய்ந்துவிட்டுப் பொழுது சாயும்போது தானாக வந்து அடையும். தீனிக்கென்று செலவு கிடையாது. காலையில் ஒரு கை சோளம் அல்லது கம்பு, அவ்வளவுதான். குஞ்சுகளுக்கு மட்டும் தனிச் சாப்பாடு. உடைந்த பானையில் சாணியும் நனைந்த வைக்கோலும் அடைத்து, கறையான் புற்றிருக்கும் இடத்தில் சாயந்திரம் கவிழ்த்து வைப்பார். காலையில் பானை நிறையக் கறையான். அதைத் தட்டிவிட்டால் குஞ்சுகள் ஓடிவந்து பொறுக்குவதைப் பார்க்க வேண்டும்!

அடை வைக்கும்போது முட்டைக்கடியில் கரித்துண்டு, இரும்பாணி, காய்ந்த மிளகாய் போடுவார். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகாதாம். 21 நாளில் குஞ்சு வரும். அதில் பருந்துக்கும் கீரிக்கும் போக மிச்சம்தான் நமக்கு. ஒரு நாட்டுக்கோழி வருடத்துக்கு அறுபது முட்டை வைத்தால் பெரிது. அடை கிடக்கும் நாளும் குஞ்சு மேய்க்கும் நாளும் அதற்கு முட்டை கிடையாது.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்புக்குப் போகவிருந்த கோடையில் சீக்கு வந்தது. முதலில் ஒரு கோழி இறக்கையைத் தொங்கப் போட்டு நின்றது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. மறுநாள் இன்னொன்று கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றியது. சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்துப் பார்த்தார் அம்மாயி. ஒரு வாரத்தில் பஞ்சாரம் காலி. ஊரில் முக்கால்வாசி வீட்டில் அதே கதைதான். என் பரீட்சைப் பணத்துக்கு அம்மாயியின் கம்மல் அடகுக்குப் போனது.

அந்தச் சீக்குக்கு ராணிக்கெட் என்று பெயர் என்பதே பிறகுதான் தெரியும். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டில் அடுத்த ஆண்டு வாக்கில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் கண்டதால் இங்கே அந்தப் பெயர். அதே மலைப்பக்கத்து முக்தேசுவர் ஆராய்ச்சி நிலையத்தில் 1940களிலேயே தடுப்பு மருந்தும் செய்துவிட்டார்கள். அப்படியானால் இருபது வருடம் கழித்தும் எங்கள் கோழி ஏன் செத்தது?

மாட்டாஸ்பத்திரிக்குப் போய் அம்மாயி கேட்டார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: ஒரு புட்டி மருந்து நூறு கோழிக்கு. ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழிக்காக உடைத்தால் மீதி வீண். சீக்கு வந்த பிறகு போட்டும் பயனில்லை.

அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கணக்குப் புரிந்துவிட்டது. அடுத்த தை மாதம் வீடு வீடாகப் போய், "நாளைக்குக் காத்தால கோழியத் தொறந்து உட்றாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். கம்பவுண்டர் சைக்கிளில் தெர்மாஸோடு வந்தார். நூற்றுக்கும் மேல் கோழி சேர்ந்திருந்தது. இறக்கையடியில் ஊசி போட்டு முடிக்க ஒன்றரை மணி நேரம். அந்தக் கோடையில் எங்கள் ஊர்க் கோழிகள் தப்பின. கம்மலை மீட்க இரண்டு வருடம் பிடித்தது. அதுவும் முட்டைக் காசில்தான். அம்மாயி இருந்தவரை தை தவறாமல் ஊசி நடந்தது. அவருக்குப் பிறகு வீடு வீடாகப் போக ஆளில்லை.

1970களுக்குப் பிறகு நாமக்கல் பக்கம் கூண்டுப் பண்ணைகள் பெருகின. ஒரே நாளில் பொரித்த ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்கு ஒரே நேரத்தில் மருந்து போடலாம். ஒரு சொட்டு வீணாகாது. கூண்டுக்கோழி வருடத்துக்கு முந்நூறு முட்டை வைக்கிறது. 1989இல் பள்ளிக்கூட மதிய உணவிலும் முட்டை சேர்ந்தது. ஏழைப் பிள்ளைக்கு முட்டை கிடைத்தது பெரிய காரியம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காசு பண்ணைக் கணக்குக்குப் போனது. சுருக்குப்பைக்கு வரவில்லை.

இப்போது ஓய்வு பெற்ற நம்மில் பலர் தோட்டத்தில் பத்துக் கோழி விட்டிருக்கிறோம். ஊசி போடுவதில் மட்டும் அசட்டை. ஐஸ் வைத்துப் பாதுகாக்கும் தொல்லை குறைந்த குருணை மருந்தைக்கூட நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் கண்டுபிடித்திருக்கிறது. தை பிறக்கும் முன் பக்கத்து நாலு வீட்டில் பேசி வையுங்கள். பேத்தியிடம் இதையெல்லாம் சொல்லி முடித்ததும், "அப்போ இருபது ரூபாய் சரிதான் தாத்தா" என்றாள்.