ஏட்டில் இல்லாத மெட்டு

மன்னார் தீவிலும் மாதோட்டக் கரையிலும் கூத்தாடும் ஊர்களில், கூத்தின் சொல் ஏட்டில் இருக்கும். மெட்டு அண்ணாவியாரின் தொண்டையில் இருக்கும். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்னும் இரண்டும் காதில் விழும்போது எப்படி வேறுபடும் என்பதை ஏடு முழுவதும் சொல்லிவிடாது. பக்கத்தில் இருந்து பிற்பாட்டுப் பாடியவனே அதனை அறிவான்.

இப்படி அருகிருந்து கேட்டுக் கற்பதும் ஒரு கல்விதான். அதற்குக் கடலுக்கு அப்பாலிருந்தும் ஒரு சான்று உண்டு.

இலண்டன் அபி றோட்டில் உள்ள ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கலையகத்தில் 1962 செப்டெம்பரில் ஜெவ் எமெரிக் என்ற 16 வயதுப் பையன் உதவியாளனாகச் சேர்ந்தான். மறுநாளே, அப்போது பெரும்பெயர் பெற்றிராத பீற்றில்ஸ் குழுவினர் பாட வந்தனர். பையன் ஓரமாக இருந்து பார்த்தான். பிறகு அவனுக்குக் கிடைத்த வேலை ஒலிநாடாவை ஓட்டுவது, நிறுத்துவது, எத்தனையாவது தடவை பாடினார்கள் என்று குறித்துவைப்பது. பின்னர் இசைத்தட்டு வெட்டும் பிரிவிலும் பழகினான். இப்படியே மூன்றரை ஆண்டுகள் கழிந்தன.

மூத்த பொறியியலாளர் நோர்மன் சிமித் தயாரிப்பாளராகிச் செல்ல, 20 வயது எமெரிக் அந்த ஆசனத்தில் அமர்ந்தார். 1966 ஏப்ரல் 6ஆந் திகதி 'ரிவால்வர்' இசைத்தட்டின் வேலை தொடங்கியது. மலையுச்சியிலிருந்து துறவி ஓதுவதுபோலத் தம் குரல் கேட்கவேண்டும் என்றார் ஜோன் லெனன். ஓர்கன் வாத்தியத்துக்குரிய சுழலும் ஒலிபெருக்கியூடாக அக்குரலைச் செலுத்திப் பதிந்தார் எமெரிக். பெரிய மேளத்துக்குள் கம்பளிச் சட்டையைத் திணித்து, கலையக விதி அனுமதித்ததைவிட மிகக் கிட்டே ஒலிவாங்கியை வைத்தார். 2018இல் அவர் மறைந்தபோதும் அந்த ஒலி பேசப்பட்டது.

விதியை மீறத் துணிவு மட்டும் போதாது. விதிப்படி பதிந்த ஒலியில் எது குறைகிறது என்று நெடுநாள் கேட்டறிந்த செவியும் வேண்டும்.

நம் கரைக்கு வருவோம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966இல் 'மூவிராசர் நாடகம்', 1967இல் 'ஞானசவுந்தரி நாடகம்' என மன்னார்க் கூத்துக்களைப் பதிப்பித்தார். சொல் பிழைத்தது. மெட்டை யார் காப்பது? இன்று ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வோர் இளைஞனின் சட்டைப்பையிலும் இருக்கிறது. எந்த இழுப்பு அண்ணாவியாருடையது, எது மறதியால் வந்தது என்று பிரித்தறிய அது போதாது. அவர் இருக்கும்போதே போய், பக்கத்தில் அமர்ந்து, பல இரவுகள் கேட்கவேண்டும்.