குளிருக்கும் உடல் அலுப்புக்கும் மருந்தா மது?

ஊவாவின் மலைத் தோட்டங்களில் மது அருந்துவோர் வழமையாகச் சொல்லும் காரணங்கள் மூன்று: குளிர் போகும், உடல் அலுப்புத் தீரும், சாப்பாடு இறங்கும். பசறை, மடுல்சீமை, நமுனுகலை, ஹப்புத்தளை என எந்தப் பக்கம் போனாலும் இவற்றைக் கேட்கலாம். மது ஹராம் என்று அறிந்து வளர்ந்த நமது இளைஞர்கள் சிலரின் வாயிலும் இதே பேச்சு வரத்தொடங்கியுள்ளது. ஆகவே, மது உள்ளே போனதும் உடலில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரைப்பையும் குடலும்

சாராயம், பியர், கள், கசிப்பு எல்லாவற்றிலும் போதை தருவது எதனோல் என்ற ஒரே பொருள்தான். சோற்றைப் போல அது சமிபாடடையத் தேவையில்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரைப்பையிலும், மீதி சிறுகுடலிலும் நேரடியாக இரத்தத்தில் கலக்கிறது. வயிறு வெறுமையாக இருந்தால் அது வேகமாகச் சிறுகுடலை அடையும். மலையில் வேலை முடித்து, ஒன்றும் சாப்பிடாமல் குடிப்பவருக்குப் போதை சட்டென ஏறுவது இதனால்தான்.

சாப்பாடு இறங்கும் என்பது உண்மையல்ல. கடுமையான சாராயம் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. அதன் உட்சுவரை அரித்துப் புண்ணாக்குகிறது. உணவுக்குழாயின் கீழ் வாயைத் தளர்த்துவதால் நெஞ்செரிவும் வருகிறது. நாளாந்தம் குடிப்பவரின் சிறுகுடல் விற்றமின் பி1, போலிக் அமிலம் ஆகியவற்றைச் சரியாக உறிஞ்சாது. கால் விறைப்பு, ஞாபக மறதி, இரத்தச்சோகை என்பன இதன் விளைவுகள். ஒரு கிராம் எதனோலில் 7 கலோரி உண்டு, ஆனால் புரதமோ விற்றமினோ இல்லை. பசி அடங்கியது போலத் தோன்றினாலும் உடல் பட்டினி கிடக்கிறது. சதையி வீங்கி, முதுகு வரை பரவும் கடும் வயிற்றுவலியும் சிலருக்கு வரும்.

ஈரலின் சுமை

எதனோலில் பெரும்பகுதியை உடைப்பது ஈரல். அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான். 35 சதவீதச் சாராயம் 180 மில்லிலீற்றர், அதாவது ஒரு கால் போத்தல், குடித்தால் சுமார் 50 கிராம் எதனோல் உள்ளே போகிறது. அதை அகற்ற ஈரலுக்கு ஐந்து முதல் ஏழு மணித்தியாலம் வேண்டும். தேசிக்காய்ச் சாறோ, கறுப்புக் கோப்பியோ, குளிர்ந்த நீரில் குளிப்பதோ இந்த வேகத்தைக் கூட்டாது.

தொடர்ந்து குடிப்பவரின் ஈரலில் முதலில் கொழுப்புப் படியும். இந்தக் கட்டத்தில் குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே ஈரல் தேறத் தொடங்கும். நிறுத்தாவிட்டால் அழற்சி ஏற்பட்டு, பின் ஈரல் தழும்பேறிச் சுருங்கும். இதுவே சிரோசிஸ். அதிலிருந்து முழுமையாக மீள்வது கடினம். வயிற்றில் நீர் கோர்த்தல், கண் மஞ்சளாதல், இரத்த வாந்தி என்பன இதன் அடையாளங்கள்.

குளிரும் வலியும்

மது தோலுக்கு அண்மையிலுள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. அதனால் சூடாக இருப்பது போலத் தோன்றும். உண்மையில் உடலின் உட்சூடு அந்த வழியாக வெளியே போகிறது. பனி இரவில் குடித்துவிட்டு வெளியே விழுந்து கிடப்பவர் உயிரையே இழக்கலாம். அலுப்பும் தீருவதில்லை, வலி சற்று நேரம் மரத்துப்போகும், ஆனால் ஆழ்ந்த உறக்கம் கெடுவதால் மறுநாள் களைப்பு இன்னும் கூடும். குடித்த நிலையில் அஸ்பிரின், இபுபுரோபன் போட்டால் இரைப்பையில் இரத்தம் கசியும் ஆபத்து அதிகம். நீண்டகாலம் குடிப்பவருக்குப் பரசிட்டமோல் ஈரலைப் பாதிக்கலாம். கசிப்பில் மெதனோல் கலந்திருந்தால் கண்பார்வையும் உயிரும் போகலாம்.

மதுவைப் புற்றுநோய்க் காரணியாகச் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே வகைப்படுத்தியது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் அறிவித்தது. நமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பது குற்றம்.

வீட்டார் செய்யக்கூடியது

பல வருடங்களாக நாளாந்தம் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். இது உயிராபத்தானது. எனவே நிறுத்துவதை வைத்தியரின் கண்காணிப்பில் செய்ய வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், வலிப்பு, மயக்கம் கண்டால் தாமதிக்காமல் 1990 அம்பியூலன்ஸை அழைக்க வேண்டும்.

குடிகாரன் என்று ஒருவரைத் திண்ணையில் ஒதுக்கி வைப்பதால் அவரது ஈரல் தேறாது. கொழுப்புப் படியும் கட்டத்திலேயே அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றால் ஒரு குடும்பம் தப்பும். அயலவர் எந்தச் சமூகத்தவராயினும் இது நம் எல்லோரது கடமை.